ஹமீதா பானு வந்த வழி

மயிலாடுதுறையிலிருந்து கிழக்கே கடலை நோக்கிப் போகும் பஸ் நின்று போகும் ஊர்களில் ஒன்று அது. காவிரித் தண்ணீர் எல்லா ஊருக்கும் பாய்ந்த பிறகு மிச்சம் இருந்தால் வந்து சேரும் கடைமடை. ஆண்களில் பாதிப்பேர் வளைகுடா நாடுகளில் இருந்தார்கள். பெண்டாட்டி பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போகிறவர்கள் யாராக இருந்தாலும், புறப்படுவதற்கு முன்னால் ஹமீதா பானுவை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போவது வழக்கமாகியிருந்தது.

அவளும் அலுத்துக்கொள்ளாமல் சொல்வாள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்காருவாள்.

"அங்க கார்ல ரொம்ப தூரம் போறதா இருந்தா தண்ணிய ஒரே கேன்ல வைக்காதீங்க. சின்னச் சின்னதா நாலஞ்சுல வைங்க. டிக்கியில வேணாம், காலடியில வைங்க. வண்டிக்கு மேல சாமான் ஏத்தாதீங்க. பாஸ்போர்ட்டுங்கள ஆம்பள கையில மொத்தமா குடுக்காதீங்க, பாதி உங்க இடுப்புல இருக்கட்டும். உப்பும் சர்க்கரையும் ஒரு பொட்டலம் எடுத்துக்கங்க."

அதுவரைக்கும் மாவு சலிப்பதைப் பற்றிப் பேசுவதுபோல்தான் பேசுவாள். கடைசியில் மட்டும் குரல் இறங்கிவிடும்.

"புள்ளைங்க ஒண்ணுக்குப் போகணும்னு கேட்டுக்கிட்டே இருந்தா சடைச்சுக்காதீங்க. கேக்காம இருந்தா வண்டிய நிறுத்துங்க."

இளம்பெண்கள் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். அவர்களுக்கு விமான டிக்கெட்டும் துணிக்கடையும்தான் நினைப்பில் இருக்கும்.

ஹமீதாவைக் கட்டிக்கொண்ட ஜெக்கரியா குவைத்தில் கார் பட்டறை ஒன்றில் மெக்கானிக். கல்யாணமாகிச் சில வருஷம் அவள் ஊரிலும் அவர் அங்குமாக இருந்தார்கள். பிறகு ஆமினா பிறந்தாள், குடும்ப விசா கிடைத்தது, அவளையும் கூட்டிக்கொண்டார். மீரா உசேன் குவைத்திலேயே பிறந்தான். பட்டறைக்கு மேலே இரண்டு அறை வீடு. வேலை முடிந்து வந்ததும் ஜெக்கரியா எண்ணெய்க் கறை போகக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஊர் நிலத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்துவிடுவார்.

நிலம் வாங்குவதுதான் அவருடைய ஒரே ஆசை. அவருடைய அத்தா ஊர் மிராசுதாரர் வீட்டு வண்டியோட்டி. அந்த மிராசுதாரர் குடும்பம் நொடித்துப்போய், உச்சவரம்புச் சட்டத்துக்குத் தப்பி மிஞ்சியிருந்த நிலத்தையும் துண்டு துண்டாக விற்றபோது, வாய்க்கால் ஓரத்து அரை வேலியை, மூன்று ஏக்கருக்குச் சற்று மேல், ஜெக்கரியா வாங்கினார். விற்றவர் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. அந்த அரை வேலியில் துரைராசு என்பவர் இருபது வருஷத்துக்கு மேலாகக் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். திராவிடக் கட்சி ஆட்சிக்கு வந்த புதிதில் குத்தகைதாரர்களைப் பதிவு செய்யச் சட்டம் வந்தபோது, விவசாயிகள் சங்கத்து ஆட்கள் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப்போய் அவர் பெயரை ஏற்றியிருந்தார்கள். நிலம் யார் கைக்கு மாறினாலும் அவரை இறக்க முடியாது.

"உழட்டும். நாம வர்றவரைக்கும் நிலத்தைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும்ல" என்றார் ஜெக்கரியா. அப்போது அது பெரிய விஷயமாக இருவருக்கும் படவில்லை.

1990 ஆகஸ்டில் ஒரு காலை, சாலையில் டாங்கிகள் போகும் சத்தத்தில் குவைத் விழித்தது. இராக்குப் படை வந்துவிட்டது. பட்டறை முதலாளி குடும்பத்தோடு எங்கோ மறைந்துவிட்டார். ரொட்டிக்கடை வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது. விமான நிலையம் மூடிக்கிடந்தது. பஸ்ரா, பாக்தாத் வழியாகக் காரில் ஜோர்தான் எல்லைக்குப் போய்விட்டால் அங்கிருந்து விமானம் ஏற்றுகிறார்கள் என்று பேச்சு பரவியது. ஜெக்கரியா பட்டறையில் கேட்பாரற்று நின்ற பெரிய அமெரிக்கக் கார் ஒன்றைச் சரிசெய்தார்.

திருப்பனந்தாள்காரர் வைத்தியலிங்கம் ஒரு குவைத்தி வீட்டில் சமையல்காரராக இருந்தவர். துணைக்கு ஆள் இல்லாமல் வந்து நின்றார்.

"ஒரு ஓரமா உக்காந்துக்கிறேன் தங்கச்சி. மடியில கூட எதுவும் வச்சுக்க மாட்டேன்."

"வாங்கண்ணே. அஞ்சு பேரா போறது தைரியம்தான்" என்றாள் ஹமீதா.

சாமான் ஏற்றுவதில்தான் தகராறு வந்தது. கலர் டிவி, டேப் ரெக்கார்டர், தையல் மிஷின், கம்பளிகள். எட்டு வருஷ வெளிநாட்டு வாழ்வு என்று ஊரில் காட்டுவதற்கு அவைதான் இருந்தன. ஜெக்கரியா மெத்தையைக் காரின் கூரைமேல் போட்டு டிவியை அதில் சுற்றிக் கட்டினார். பின்பெட்டியில் தையல் மிஷினுக்கும் பெரிய தண்ணீர் கேனுக்கும் சேர்ந்து இடமில்லை.

"எதை வைக்கிறது?" என்று கேட்டார்.

ஹமீதா யோசித்தாள். மிஷின் இருந்தால் ஊரில் நாலு துணி தைத்துப் பிழைக்கலாம். தண்ணீருக்கு என்ன, வழியெல்லாம் ஊர்தானே. "மிஷின வைங்க. சின்ன கேன் ஒண்ணு போதும்" என்றாள். அவரும் அதையேதான் நினைத்திருந்தார். கேனை எடுத்துப் பட்டறைச் சுவரோரம் வைத்தார்.

பஸ்ரா வரைக்கும் குறையில்லை. பேரீச்சை மரங்களும் ஆறும் தெரிந்தன. ஆமினா, இது காவிரியா என்று கேட்டாள். வைத்தியலிங்கம் சிரித்தார். "இதுல தண்ணி இருக்கே பாப்பா" என்றார். பாக்தாதைத் தாண்டியதும் மரங்கள் குறைந்து, பிறகு இல்லாமலே போயின. சாலை நேராகக் கிடந்தது. முன்னாலும் பின்னாலும் கார்கள், லாரிகள், எல்லாவற்றின் தலையிலும் மூட்டைகள். கூரைச் சுமையில் டயர் ஒன்று வெடித்தது. மாற்று டயர் இருந்தது. அடுத்தது வெடித்தபோது இல்லை. ஜெக்கரியா வெயிலில் படுத்து, சாலையோரம் யாரோ விட்டுப்போன காரிலிருந்து டயரைக் கழற்றிப் போட்டார். அதற்குள் சின்ன கேனில் பாதி தீர்ந்துவிட்டது. ரேடியேட்டருக்குக் கொஞ்சம் ஊற்ற வேண்டியிருந்தது. ஊற்றாவிட்டால் வண்டி நகராது.

கண்ணாடியை இறக்கினால் அனல், ஏற்றினால் அடுப்பு. மீரா உசேன் அவள் மடியில் கிடந்தான். முதல் நாள் முழுக்க வண்டியை நிறுத்து நிறுத்து என்று தொல்லை கொடுத்தவன், அன்று காலையிலிருந்து கேட்கவில்லை. பிள்ளை சமர்த்தாக இருக்கிறான் என்று அவள் நினைத்தாள். நெற்றியைத் தடவினாள். எல்லோரும் தொப்பலாக நனைந்திருக்க அவன் மட்டும் வேர்க்காமல் இருந்தான். அதையும் நல்லது என்றே எடுத்துக்கொண்டாள்.

இராக்கின் எல்லைச் சாவடியில் காரை விட்டுவிட்டு இறங்கச் சொன்னார்கள். டிவியும் மிஷினும் காரோடு நின்றன. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு எல்லைகளுக்கும் நடுவே கல்லும் மணலுமான வெட்டவெளியில், கண்ணுக்கு எட்டிய மட்டும் கூடாரங்கள். கூடாரம் கிடைக்காதவர்கள் கம்பளியைக் குச்சியில் கட்டி அடியில் கிடந்தார்கள். தண்ணீர் லாரி வந்தால் ஆயிரம் பேர் ஓடினார்கள். வைத்தியலிங்கம் ஓடினார். ஒரு வாளியைக் கைப்பற்றி, வழியில் பிடுங்குபட்டு, கால்வாளியோடு வந்து சேர்ந்தார்.

அப்போது மீரா உசேன் கண்ணைத் திறந்திருந்தான். ஆனால் அவளைப் பார்க்கவில்லை. அவள் துணியை நனைத்து அவன் உதட்டில் பிழிந்தாள். தண்ணீர் கன்னத்தோரம் வழிந்தது. பங்களாதேஷ் நர்ஸ் ஒருத்தி வந்து பார்த்தாள். ஆங்கிலத்தில் ஒன்று கேட்டாள். வைத்தியலிங்கம் அதைத் தமிழில் கேட்டார்.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்னு கேக்குறாங்க தங்கச்சி."

ஹமீதா பிள்ளையின் கால்சட்டையைத் தொட்டாள், அது காய்ந்திருந்தது. அந்தக் கேள்வி அன்றோடு அவளை விட்டுப் போகவில்லை.

பொழுது சாய்வதற்குள் பிள்ளை அடங்கிவிட்டான். பிள்ளையின் மய்யித்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் கிடையாது. எகிப்துக்காரர் ஒருவர், தண்ணீர் இல்லாத இடத்தில் மண்ணைத் தொட்டுச் செய்யும் தயம்மும் போதும் என்று சொல்லிக்கொடுத்தார். ஜெக்கரியா இரண்டு கையையும் மணலில் பதித்து மகனுடைய முகத்தையும் கைகளையும் தடவினார். வைத்தியலிங்கம் தகரத் தட்டால் குழி தோண்டினார். அடையாளத்துக்குக் கல் வைத்தார்கள். அந்த வெளி முழுக்கக் கல்தான்.

ஜோர்தானில் அம்மான் நகரத்திலிருந்து பம்பாய்க்கு விமானம். அங்கிருந்து ரயில். மயிலாடுதுறை ஜங்ஷனில் இறங்கியபோது அவர்களிடம் ஒரு துணிப்பை இருந்தது. சொந்தக்காரர்கள் அழுதார்கள். அழுது முடித்ததும் அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார்கள்.

ஜெக்கரியாவிடம் பதில் இருந்தது. "நிலம் இருக்கு. நானே விவசாயம் பாக்கப்போறேன்."

மறுநாளே துரைராசு வீட்டுக்குப் போனார். துரைராசு வந்தவரை உட்காரவைத்து, பிள்ளை போனதற்குத் துக்கம் கேட்டார். அவருடைய மனைவி பூவம்மாள் மோர் கொண்டுவந்தாள். பிறகு ஜெக்கரியா வந்த விஷயத்தைச் சொன்னார்.

துரைராசு தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "பாய், உங்க கஷ்டம் எனக்குத் தெரியுது. ஆனா அந்த அரை வேலிய விட்டா எனக்கு நிக்க இடம் இல்ல. எங்கப்பா அதுல அடிபட்டிருக்காரு. அந்த மிராசு ஆளுங்க அவரக் கட்டிவச்சு அடிச்சாங்க. அப்புறந்தான் எங்க பேரு பதிவுல ஏறுச்சு. வாரப் பங்கக் கூடக் குறைய பேசுவோம். எறங்கச் சொல்லாதீங்க."

"வாங்குனவன் நான். எம் புள்ளைய மண்ணுல போட்டுட்டு வந்திருக்கேன் துரைராசு. எனக்கு வேற என்ன இருக்கு?"

"எனக்கு மட்டும் என்ன இருக்கு, சொல்லுங்க."

இரண்டு பேரும் சத்தம் போடவில்லை. பகை அன்று மெதுவாகத்தான் தொடங்கியது. ஜெக்கரியா வக்கீலைப் பார்த்தார். துரைராசு சங்கத்துக்குப் போனார். வயலில் சிவப்புக்கொடி நட்டார்கள். ஜெக்கரியா உழவுக்கு டிராக்டர் கொண்டுபோனபோது சங்கத்து ஆட்கள் வரப்பில் உட்கார்ந்து மறித்தார்கள். ஊர் கட்சிக்காரர் பஞ்சநதம் இரண்டு பக்கமும் நல்லவராக நடந்துகொண்டார். ஆட்சி கலைந்து, தேர்தல் வந்து, வேறு கட்சி ஆட்சி ஏறியது. பஞ்சநதம் வேட்டிக் கரையை மாற்றிக்கொண்டு, "இப்ப நம்ம ஆளுங்க, முடிச்சுத் தர்றேன்" என்று மறுபடியும் இரண்டு வீட்டுக்கும் போனார்.

இதெல்லாம் நடக்கும்போது வாய்க்காலில் தண்ணீர் இல்லை. கர்நாடகத்தோடு காவிரி வழக்கு. ஜூனில் திறக்க வேண்டிய மேட்டூர் அணை திறக்கவில்லை. குறுவை போயிற்று. சம்பாவுக்கு வந்த தண்ணீர் கும்பகோணத்தைத் தாண்டவே தடுமாறியது. இரண்டு பேர் வெட்டுப்பழி குத்துப்பழியாகச் சண்டை போட்ட அந்த நிலம் வெடித்துக் கிடந்தது. ஒரு வருஷம் துரைராசு விதைத்தது முளைத்துக் கருகியது. ஜெக்கரியா வரப்பில் நின்று பார்த்துவிட்டு வந்து ஹமீதாவிடம் சொன்னார். அவர் குரலில் சந்தோஷம் இருந்ததா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இருந்திருந்தால் அவரை அவள் குறை சொல்லியிருக்கமாட்டாள். அவளுக்கு எதன்மேலும் கோபமோ ஆசையோ மிச்சமில்லை. ஆமினாவுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்புவாள், சோறாக்குவாள். யாராவது வெளிநாட்டுப் பயணம் என்று வந்தால் மட்டும் முகத்தில் ஒரு அவசரம் வரும். தண்ணீர், டயர், பாஸ்போர்ட் என்று ஒன்று விடாமல் சொல்லித் தீர்ப்பாள்.

வழக்கு வாய்தா வாய்தாவாக நீண்டது. வாய்தா நாட்களில் ஹமீதாவும் கூடப் போவாள். ஒருநாள் கோர்ட்டு வராந்தாவில் பூவம்மாளுக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. ஆண்கள் உள்ளே இருந்தார்கள்.

பூவம்மாள் வெற்றிலையைக் கிள்ளிக்கொண்டே, "பையன் பேரு என்ன பாயம்மா?" என்றாள்.

அந்தப் பேரை ஊரில் யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவன் 'போன பிள்ளை.'

"மீரா உசேன்."

"என்ன வயசு?"

"நாலு நடந்துச்சு."

"எனக்கும் ஒண்ணு தங்கல. நம்ம ஊரு வாய்க்கால்ல. அப்ப தண்ணி வந்துக்கிட்டிருந்துச்சு." பூவம்மாள் வெற்றிலையை மடித்தாள், வாயில் போடவில்லை. "இவுங்களுக்கு அந்த நெலத்துல என்னதான் இருக்குன்னு தெரியல."

"எனக்கும் தெரியலக்கா."

"சொல்லிப் பாத்தீங்களா?"

"நீங்க?"

பூவம்மாள் மடித்த வெற்றிலையை மடியில் முடிந்துகொண்டாள். உள்ளேயிருந்து ஆண்கள் வந்தார்கள். மறுபடி வாய்தா. இரண்டு பெண்களும் எழுந்து தங்கள் தங்கள் ஆளுக்குப் பின்னால் நடந்தார்கள். ஒரே பஸ்ஸில்தான் ஊர் திரும்பினார்கள், முன் சீட்டிலும் பின் சீட்டிலுமாக.

கடைசியில் வழக்கைத் தீர்த்துவைத்தது கோர்ட்டு அல்ல, இறால். கடலோரத்தில் இறால் பண்ணைகள் வரத் தொடங்கியிருந்தன. வெளியூர்க் கம்பெனி ஒன்று தண்ணீர் வராத கடைமடை நிலத்தையெல்லாம் வளைத்து வாங்கியது. பஞ்சநதம் அதற்குத் தரகர். "ரெண்டு பேரும் காலம் பூரா கோர்ட்டுப் படி ஏறப்போறீங்களா? நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு, குத்தகைக்காரருக்கு ஒரு பங்கு. கையெழுத்தப் போடுங்க" என்றார். களைத்துப்போயிருந்த இருவரும் போட்டார்கள். பதிவு ஆபீசில் பக்கத்தில் பக்கத்தில் நின்று கையெழுத்திட்டபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

வாய்க்கால் ஓரத்து அரை வேலியைக் குளமாக வெட்டி, கடல் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து நிரப்பினார்கள். கொஞ்ச காலத்தில் தெருக் கிணறுகள் உப்புக் கரித்தன. ஹமீதா வீட்டுப் பம்பிலும் உப்புத்தண்ணீர் வந்தது. விற்றவர்கள்மேல் ஊர் ஆத்திரப்பட்டது. "குவைத்துக்காரன் வித்தான், ஊரு நாறுது" என்று குழாயடியில் அவள் காதுபடவே பேசினார்கள். அவள் குடத்தை வைத்துக்கொண்டு தன் முறை வரும்வரை நின்றாள். பிறகு இறாலுக்கு நோய் வந்தது, நீதிமன்றமும் பண்ணைகளைத் தடுத்தது. கம்பெனி பம்புகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. குளங்கள் வற்றி, வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தன. அதில் ஆடுகூட மேயவில்லை.

ஜெக்கரியா மறுபடி குவைத்துக்குப் போனார், இன்னொருவர் பட்டறையில் கூலியாளாக. போகும்போது ஹமீதா எதையும் சொல்லவில்லை. அந்த வழி அவருக்கும் தெரியும். சில வருஷம் பணம் அனுப்பினார். அதில் ஆமினாவுக்குக் கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளைக்கு ரியாத்தில் வேலை. அவளும் போய்விட்டாள். ஜெக்கரியா ஒரு பக்கம் கை கால் விளங்காமல் ஊர் திரும்பினார்.

ரியாத்திலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை ஆமினா போன் செய்தாள். குழந்தைகளோடு காரில் மக்காவுக்கு உம்ரா போகிறார்களாம்.

ஹமீதா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "தண்ணிய ஒரே கேன்ல..."

"அம்மா, இப்பல்லாம் ஏசி வண்டி. வழி நெடுக பெட்ரோல் பங்கு, கடை, எல்லாம் இருக்கு. நான் பாத்துக்கறேன்." ஆமினா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை. அன்று காரில் பின் சீட்டில் இருந்தவள் அவள். அவளுக்கு ஞாபகம் இருப்பது பேரீச்சை மரமும் ஆறும் மட்டும்தானோ, அல்லது எல்லாமேவா என்று ஹமீதா ஒருநாளும் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை.

"தம்பி வயசுதான் இப்ப சின்னவனுக்கு" என்று ஆமினாவே சொன்னாள். பிறகு லைன் நன்றாக இல்லை என்று வைத்துவிட்டாள்.

அந்த மழைக்காலத்தில் துரைராசு குடும்பம் திருப்பூருக்குப் புறப்பட்டது. மகன் அங்கே பனியன் கம்பெனியில் சேர்ந்திருந்தான். துரைராசுவுக்கு ஒரு மில் வாசலில் காவல் வேலை. பஸ் வருவதற்குமுன் பூவம்மாள் மட்டும் ஹமீதா வீட்டுக்கு வந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. வாசலிலேயே நின்றாள்.

"சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன் பாயம்மா."

"உள்ள வாங்கக்கா."

"பஸ்ஸு வந்துரும்." ஜெக்கரியா கட்டிலில் கிடப்பதை எட்டிப் பார்த்தாள். "பேச்சு வருதா?"

"கொஞ்சம் வருது."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான். பேச்சு இருக்கு, பேசறதில்ல."

எப்போது திரும்புவீர்கள் என்று கேட்க வாயெடுத்த ஹமீதா, எங்கே திரும்புவது என்று தோன்றியதும் நிறுத்திக்கொண்டாள். பூவம்மாள் அவள் கையைப் பிடித்தாள், பிறகு விட்டுவிட்டுத் தெருவில் இறங்கிப் போனாள். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நின்ற துரைராசு, இந்த வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

ஹமீதா உள்ளே வந்தாள். ஜெக்கரியா பஸ் சத்தத்தைக் கேட்டிருந்தார். கோணிய வாயால் யார் என்று கேட்டார்.

"துரைராசு வீட்டு ஆளுங்க. ஊரவிட்டுப் போறாங்க."

அவர் விளங்கும் கையை ஊன்றி எழப் பார்த்தார். "அப்ப நெலம்?" என்றார்.

விற்றது அவர் நினைவில் சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. ஹமீதா அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, விரிப்பைச் சரிசெய்தாள்.

"இருக்குங்க" என்றாள்.